சுண்டு விரல் மரத்தால்: முழங்கையில் அல்நார் நரம்பைச் சோதிக்கும் முறை

குடியாத்தத்தில் பீடி சுற்றும் கையோ, ஆம்பூரில் ஷூ தைக்கும் கையோ, சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரக்கிறது என்று வந்தால், நரம்பைக் கரண்டால் தூண்டி அதன் வேகத்தை அளக்கும் மெஷினைத் தொடுவதற்கு முன், முழங்கை வழியாகச் சுண்டு விரலுக்குப் போகும் அல்நார் நரம்பைத் தொட்டுப் பாருங்கள். முழங்கை உள்பக்க எலும்பு முனைக்குச் சற்று மேலே நரம்பு கயிறு போலத் தடித்திருந்தால், உணர்ச்சியற்ற வெளிர் தேமல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். தொழுநோய்க்கென்றே 1955-இல் வேலூர் அருகே கரிகிரியில் மருத்துவ மையம் எழுந்த வட்டாரம் இது. அந்தச் சந்தேகத்தை விட்டுவிடக் கூடாது.

வேலூர் வெயிலில் வந்தவருக்கும் ஏ.சி. அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கை சில்லிட்டுவிடும். தோல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும்; நல்ல நரம்பும் நோய்ப்பட்டதாகத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துச் சூடாக்கலாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது, புண்ணாகிவிடும். அதனால் நீரை முதலில் உங்கள் கையால் பாருங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, தசையின் மின் அலையைப் பதியும் ஆக்டிவ் எலெக்ட்ரோடை உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கச் சதை மேட்டின் நடுவிலும், அதோடு ஒப்பிடும் ரெஃபரன்ஸை அந்த விரலின் அடி மூட்டிலும், கிரவுண்டைப் புறங்கையிலும் ஒட்டுங்கள். முழங்கை 70 முதல் 90 டிகிரி மடங்கியிருக்கட்டும். மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழ், அங்கிருந்து 10 செ.மீ. மேலே என மூன்று இடங்களில் தூண்டுங்கள். அலை இனி வளராது என்ற அளவுக்கு மேல் இன்னும் 20 சதவீதம் கரண்ட் கூட்டுங்கள். கையை நீட்டி வைத்தால் நரம்பு தொய்ந்து கிடக்கும், டேப் காட்டும் தூரம் அதன் நீளத்தைவிடக் குறையும், வேகமும் பொய்யாகக் குறையும். தவறான ரிப்போர்ட்டுகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முழங்கையைக் கடக்கும் வேகம் நொடிக்கு 50 மீட்டருக்குக் கீழே போனாலோ, முன்கை வேகத்தைவிட 10 மீட்டருக்கு மேல் குறைந்தாலோ கோளாறு அங்கேதான். மணிக்கட்டுக்கும் முழங்கைக்குக் கீழேயுள்ள புள்ளிக்கும் இடையிலேயே அலை சிறுத்தால் அவசரப்படாதீர்கள். கையின் இன்னொரு நரம்பான மீடியனை முழங்கையில் தூண்டிப் பாருங்கள்; முன்கையில் இழைகள் மீடியனிலிருந்து அல்நாருக்கு இடம் மாறும் மார்ட்டின்–குரூபர் இணைப்பாக இருக்கலாம்.

அடுத்து, தசையின் மின் சத்தத்தைக் கேட்க உதவும் ஊசி எலெக்ட்ரோடை முதலில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தசையில் செலுத்துங்கள். தகரக் கூரையில் தூறல் விழுவது போன்ற சத்தம் ஃபிப்ரிலேஷன், அதாவது நரம்புத் தொடர்பு இழந்த தசை இழைகளின் தானான துடிப்பு. நரம்பு அடிபட்டு இரண்டு மூன்று வாரமாகாமல் அது வராது. சீக்கிரம் சோதித்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். கட்டை விரல் மேட்டிலும் ஊசி போடுங்கள். அது மீடியன் நரம்பின் தசை. அங்கும் அதே சத்தம் கேட்டால் கழுத்தில் நரம்பு கிளம்பும் வேரைப் பாருங்கள்.

வெப்பநிலை, முழங்கை மடிப்பு, தூரம் மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். தொழுநோயால் வரும் நரம்பு அழற்சிக்கு ஸ்டீராய்டு தொடங்கிய பின் மறுபடி சோதிக்கும்போது ஒப்பிட அவை வேண்டும்.