இதை அறிவது யாருடைய வேலை? செய்தியை ஆராய நூலகத்தில் கற்பிக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுக்கும் இரவுகளில், "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று மாவட்ட ஆட்சியரின் பெயரால் ஒரு செய்தி வெளியீடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். அப்படி வருபவற்றில் சில உண்மையானவை. சில, பழைய வெளியீட்டில் தேதியை மட்டும் மாற்றி ஒட்டியவை. தகவலையும் ஊடகத்தையும் ஆராய்ந்து படிக்கும் பழக்கத்தை மாணவர்களுக்குக் கற்பிக்க விரும்பும் நூலகரும் ஆசிரியரும் முதல் வகுப்பை இந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. விடுமுறை உண்டா இல்லையா என்பதில் பிள்ளைகள் காட்டும் அக்கறையை, ஒரு தலைவரின் பேச்சு திரிக்கப்பட்டதா என்ற கேள்வியில் அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. மேலும், மறுநாள் காலையில் விடை தானாகவே தெரிந்துவிடுவதால், ஆசிரியர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டிய நிலையும் இல்லை.

இங்கே சொல்லப்படுபவை ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களை மனத்தில் கொண்டவை. வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளையும், பக்கத்தில் ஒரு கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் போதும். சென்னை மாகாணத்தில் 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஆகவே ஊர் மக்களின் பணத்தில் நடக்கும் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மேசையும் ஒரு மணி நேரமும் கேட்பதற்குத் தலைமை ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை.

முதல் வகுப்பு: விடுமுறைத் தாள்

உண்மையான வெளியீடு ஒன்றையும் போலி ஒன்றையும் அச்செடுத்து, எது எதுவென்று சொல்லாமல் மாணவர்களிடம் கொடுக்க வேண்டும். வகுப்பறையில் கைபேசிக்கு இடமில்லாத பள்ளிகளில் அச்சுத் தாளே வசதியானது. அடிக்கோடிடலாம், ஓரத்தில் எழுதலாம். உண்மை, போலி என்ற வேறுபாடின்றி எல்லாத் தாள்களின் மீதும் "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதிவைத்து, வகுப்பு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது அவசியம். இல்லையெனில் நாம் கொடுத்த தாளே படமெடுக்கப்பட்டு மாலைக்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிடும்.

தாளில் உள்ளே பார்ப்பதற்குச் சில உண்டு. தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா? தேதியைத் திருத்தியவர் கிழமையைத் திருத்த மறந்திருக்கலாம். வெளியீட்டு எண் இருக்கிறதா? பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா? எந்த மாவட்டம், எந்த வட்டம்? இவற்றைத் தேடுவதில் பிள்ளைகள் மிகுந்த உற்சாகம் காட்டுவார்கள். ஆனால் அதிலேயே வகுப்பை முடித்துவிடக் கூடாது. ஏனெனில் கவனமாகச் செய்யப்பட்ட போலியில் இவை எல்லாமே சரியாக இருக்கக்கூடும். சின்னமும் கையொப்பமும் ஒரு கணினியில் சில நிமிட வேலை.

அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை அறிவதும் அறிவிப்பதும் யாருடைய வேலை? மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அவருடைய அறிவிப்பை வெளியிடுவது செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம். எனவே தாளை விட்டு வெளியேறி, ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அதே வெளியீடு இருக்கிறதா என்று பார்ப்பதே அடுத்த படி. ஆண்டு முழுவதும் வரும் எல்லாப் பயிற்சிகளுக்கும் இந்த ஒரு கேள்வியையே அச்சாக வைத்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வு தேதி என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம், ரூபாய் நோட்டு என்றால் ரிசர்வ் வங்கி, புயல் என்றால் வானிலை ஆய்வு மையம் என்று மாணவர்களே ஒரு பட்டியல் தயாரித்து நூலகச் சுவரில் ஒட்டட்டும். அந்தப் பட்டியலை ஆசிரியர் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

பழைய வதந்திகளே நல்ல பாடம்

அடுத்த இரண்டு மூன்று வகுப்புகளுக்கு, முடிவு தெரிந்துவிட்ட பழைய வதந்திகளை எடுத்துக்கொள்வது நலம். சூடு ஆறியிருப்பதால் யாரும் கட்சி கட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, நாசா எச்சரித்திருப்பதாகவும் நகரில் 250 சென்டிமீட்டர் மழை கொட்டப் போவதாகவும் ஒரு செய்தி பரவியது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்பது இன்னொன்று. அதைப் பண்ணையினரே மறுத்தார்கள். மழைச் செய்தியை வகுப்பில் எடுக்கும்போது, சென்னையில் நாளை எவ்வளவு மழை பெய்யும் என்று அறிவிப்பது நாசாவின் வேலையா என்று மட்டும் கேட்டால் போதும். சிறிது நேரத்தில் யாராவது ஒரு மாணவி நுங்கம்பாக்கத்தில் உள்ள வானிலை ஆய்வு மையத்தைச் சொல்லிவிடுவாள். பெரிய பெயரைச் சொல்லிவிட்டால் செய்திக்குக் கனம் கூடும் என்பது வதந்தி எழுதுபவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதையும் அப்போதே சுட்டிக்காட்டலாம்.

2016 நவம்பரில் பண மதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டதும், புதிய 2000 ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற கதை கைபேசிகளில் மட்டுமன்றித் தொலைக்காட்சியிலும் வந்தது. மேல் வகுப்பு மாணவர்களுக்கு இது பொருத்தமானது. நோட்டின் பாதுகாப்பு அம்சங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு ரிசர்வ் வங்கி வெளியிட்டிருந்தது. அதில் சிப் கிடையாது. மின்கலம் இல்லாத ஒரு காகிதத் துண்டு எப்படி ஆகாயத்துக்குச் சமிக்ஞை அனுப்பும் என்று இயற்பியல் ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்துக் கேட்கலாம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் யார் சொன்னது, பிறகு யாருடைய வேலை, கடைசியில்தான் இது நடக்கக்கூடியதா என்ற விவாதம். விவாதத்தை முதலில் வைத்தால் வாய்ச்சாமர்த்தியம் உள்ளவன் வென்றுவிடுவான்.

பக்கத்தை விட்டு வெளியேறுதல்

இணையப் பக்கங்களை மதிப்பிடுவதற்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் கொடுத்து, தேதி உண்டா, ஆசிரியர் பெயர் உண்டா, எழுத்துப் பிழை உண்டா என்று குறியிடச் சொல்வது நெடுங்கால வழக்கம். அதன் பலவீனத்தை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு வெளிப்படுத்தியது. 10 வரலாற்றாசிரியர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 இளநிலை மாணவர்கள் ஆகியோரிடம், ஏறத்தாழ ஒரே பெயர் கொண்ட இரண்டு குழந்தைநல மருத்துவர் அமைப்புகளின் பக்கங்கள் காட்டப்பட்டன. ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு. மற்றொன்று கருத்து வேறுபாட்டால் பிரிந்தவர்கள் 2002இல் தொடங்கிய சிறிய அமைப்பு. படித்த பெரியவர்களில் பலரும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்து, அதன் சீரான தோற்றத்தையும் அடிக்குறிப்புகளையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, வேறு சாளரங்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

இதை நம் நூலகத்தில் செய்து பார்க்க ஒரு கணினியே போதும். ஐந்து மாணவர்கள் சுற்றி அமர்ந்து, ஒருவர் தட்ட, மற்றவர்கள் எதைத் தேடலாம் என்று சொல்லட்டும். தேடல் முடிவுகளில் முதலாவதை உடனே சொடுக்காமல், கீழே உள்ளவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எதைத் திறப்பது என்று முடிவெடுக்கச் சொல்ல வேண்டும். 2003 முதல் இயங்கிவரும் தமிழ் விக்கிப்பீடியாவும் இதற்கு உதவும். அதைப் பார்க்கவே கூடாது என்று தடுக்கும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களிலிருந்து மூலத்துக்குச் செல்வதையும், வரலாற்றுப் பக்கத்தில் யார் எப்போது எதை மாற்றினார் என்று பார்ப்பதையும் காட்டிக் கொடுத்தால், அதுவே ஒரு முழு வகுப்பு.

படங்களுக்கு, கூகுள் லென்ஸ் போன்ற கருவியில் படத்தைக் கொடுத்து அது இதற்கு முன் எங்கே வந்திருக்கிறது என்று தேடுவதைக் கற்றுக் கொடுக்கலாம். வாட்ஸ்அப் செய்தியின் மேலே தெரியும் இரட்டை அம்புக்குறி, அது பல கைகள் மாறி வந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. பொய் என்பதற்கு அது சான்றாகாது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

நாளிதழ் மேசை

கிளை நூலகத்தில் காலை வேளையில் பெரியவர்கள் சூழ்ந்திருக்கும் நாளிதழ் மேசைதான் ஊடகக் கல்விக்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த கருவி என்பேன். தினத்தந்தி, தினமணி, தினமலர், தினகரன், இந்து தமிழ் திசை என்று ஒரே நாளின் இதழ்கள் அருகருகே கிடப்பது வீடுகளில் அரிது. நூலகரிடம் முன்பே சொல்லிவைத்தால், முந்தின வார இதழ்களை ஒதுக்கி வைத்துத் தருவார். அன்றைய இதழைப் பிடுங்கி வாசகர்களின் கோபத்துக்கு ஆளாக வேண்டியதில்லை.

ஒரே நிகழ்வு குறித்த செய்தியை எல்லா இதழ்களிலும் தேடச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம், எத்தனை பத்தி அகலம், தலைப்பில் வந்த வினைச்சொல் என்ன, யாருடைய கூற்று முதலில் வருகிறது, யாரிடம் யாருமே கேட்கவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். "கூறினார்", "குற்றம்சாட்டினார்", "ஒப்புக்கொண்டார்" ஆகியவற்றில் எது எங்கே வந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே செய்தியின் சாய்வு பிடிபட்டுவிடும். பிறகு விளம்பரத்துக்கு வரலாம். செய்தி போலவே பத்தி பிரித்து அச்சிடப்பட்ட பகுதியின் மூலையில் பொடி எழுத்தில் "விளம்பரம்" என்று இருப்பதை மாணவர்களே கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

இறுதியாக, நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஓடும் ஒரு வரியைப் படிக்க வைக்க வேண்டும். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களும் அச்சான இடமும் அதில் இருக்கும். அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்வதற்கான 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்து வரும் கடமை அது; செய்தி தவறென்றால் யாரைக் கேட்பது, யார் மீது வழக்குத் தொடுப்பது என்பதற்கான விலாசம். நூலகத்தில் பழைய தொகுப்புகள் இருந்தால், மார்ச் மாதத் தொடக்கத்து இதழ்களில் உரிமையாளர் விவரத்தோடு வெளியான நான்காம் படிவத்தையும் தேடிப் பார்க்கலாம். அந்த வரியின் பக்கத்தில், பெயரே இல்லாத ஒரு பகிர்வுச் செய்தியை வைத்துப் பார்க்கும்போது, பொறுப்பேற்பவர் உண்டா என்ற கேள்வியின் கனம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

நூல்களையும் சோதிக்க வேண்டும்

அச்சில் வந்ததெல்லாம் இன்றைக்கும் சரியாக இருக்கும் என்ற எண்ணத்தையும் நூலகத்திலேயே அசைத்துப் பார்க்கலாம். 2018இல் அச்சான பொது அறிவு நூலில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32 என்றிருக்கும். 2019இலும் 2020இலும் புதிய மாவட்டங்கள் உருவான பிறகு எண்ணிக்கை 38 ஆனது. பழைய நூல் பொய் சொல்லவில்லை. அதன் காலம் அது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பதிப்பு ஆண்டைப் பார்க்கும் பழக்கம் இந்த ஒரு பயிற்சியில் படிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இங்கேயே இடம் கொடுக்கலாம். உள்ளூர் வரலாறு பற்றி ஐந்து நூல்களின் பெயர்களைச் செயலியிடம் கேட்டு வாங்கி, அவற்றை நூலகப் பட்டியலிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடச் சொல்லுங்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்து அழகாக எழுதித் தரும் வழக்கம் இந்தச் செயலிகளுக்கு உண்டு என்பதால், தேடல் வெறுங்கையோடு முடிய வாய்ப்பிருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லை என்பதாலேயே அப்படியொரு நூல் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. நூலகர் இன்னும் இரண்டு இடங்களில் தேடிக் காட்ட வேண்டும்.

மதிப்பெண்ணும் எச்சரிக்கையும்

இவ்வகை வகுப்புகளில் ஒரு தீமையும் ஒளிந்திருக்கிறது. வாரந்தோறும் பொய்களையே காட்டிக்கொண்டிருந்தால், எதையும் நம்பாதவனே புத்திசாலி என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். தடுப்பூசி பற்றிய வதந்தியை நம்புவதற்கும், சுகாதாரத் துறையின் மெய்யான அறிவிப்பைப் புறந்தள்ளுவதற்கும் விளைவில் வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது வதந்திகளால் பெற்றோர் தயங்கியதை ஆசிரியர்கள் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். ஆகவே பயிற்சிக்கு எடுக்கும் செய்திகளில் பாதியாவது உண்மையாக இருக்கட்டும்; அவற்றிலும் நம்ப முடியாதது போலத் தோன்றும் உண்மைகள் சில இருக்கட்டும்.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018இல், சுமார் 150 அரசுப் பள்ளிகளில் மாவட்ட நிர்வாகமே பொய்ச் செய்தி குறித்த வகுப்புகளை நடத்தியது. அரசு முன்னின்று நடத்தும்போது விரிவு கிடைக்கும். ஆனால் அரசின் கூற்றையும் மாணவன் சோதிக்கலாம் என்ற துணிவை ஊட்டுவது நூலகருக்கும் ஆசிரியருக்கும் எளிது என்று நினைக்கிறேன்.

மதிப்பிடுவதற்குச் "சரி, தவறு" வினாத்தாள் உதவாது. பாதி மதிப்பெண் குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்துவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரும் ஒரு தேடல் குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். கிடைத்த கூற்று, அது வந்த வழி, அதை அறிய வேண்டியவர் யார், எங்கெங்கே தேடினேன், என்ன கிடைத்தது, இன்னும் தெரியாதது எது என்று எழுதினால் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. "தேடினேன், முடிவு தெரியவில்லை" என்று நேர்மையாக எழுதியவருக்கு, தேடிய இடங்கள் பொருத்தமாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது.

வீட்டில் பேசுவது

கற்றதை வீட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் வரும். குடும்பக் குழுவில் பகிர்பவர் பெரும்பாலும் பெரியப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். பத்து வயதுப் பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் "இது பொய்" என்று எழுதினால் செய்தி திருந்தாது, உறவுதான் கசக்கும். எனவே பேசும் முறையையும் நடித்துப் பார்க்க வேண்டும். குழுவில் எழுதாமல் அவரைத் தனியாக அழைத்து, "மாமா, இது உங்களுக்கு யார் அனுப்புனாங்க? கலெக்டர் பக்கத்துல பார்த்தேன், அங்க இல்லையே. நீங்களும் ஒருதடவை பாருங்களேன்" என்று சொல்லச் சொல்லலாம். ஒரு மாணவர் மாமாவாகவும் மற்றொருவர் மருமகளாகவும் நடித்தால் வகுப்பு சிரிப்பில் அதிரும். மாமாவாக நடிப்பவர் எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது விதி.

ஆண்டு இறுதியில் தேர்ந்தெடுத்த குறிப்புகளை ஒரு கோப்பாகச் சேர்த்து நூலகத்தில் வாசகர் பார்வைக்கு வைக்கலாம். அதற்குமுன் பகிர்ந்தவர்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் அடித்துவிட வேண்டும். ஒவ்வொரு குறிப்பின் மேலும் தேடிய தேதியை எழுதி, பின்னர் புதிய விவரம் தெரியவந்தால் பழையதைக் கிழிக்காமல் அதன் கீழே தேதியோடு ஒட்டுவது நூலகரின் பொறுப்பு. அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வருபவர்களுக்கு அந்தக் கோப்பே பாடநூலாகப் பயன்படும்.