கொழுந்தா, கேரட்டா: ஒப்பீட்டு நன்மையைக் கணக்கிடும் முறை

பன்னாட்டு வாணிபப் பாடத்தில் முழு நன்மை, ஒப்பீட்டு நன்மை ஆகிய இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இக்குழப்பத்தைக் கால் மணி நேரத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

கோத்தகிரிச் சரிவில் வாழும் அக்கா, தங்கை இருவரை இரு நாடுகளாக வைத்துக்கொள்ளுங்கள். அக்கா ஒரு நாளில் 40 கிலோ தேயிலைக் கொழுந்து பறிப்பார். இல்லையெனில் 80 கிலோ கேரட் பிடுங்கி, மண் போகக் கழுவி மூட்டை கட்டுவார். தங்கைக்குக் கொழுந்து என்றால் 20 கிலோ, கேரட் என்றால் 60 கிலோ. (எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.)

முதலில் ஒவ்வொரு பொருளிலும் யாருடைய எண் பெரிது என்று பாருங்கள். இரண்டிலும் அக்காவே முந்துவதால் முழு நன்மை முழுவதும் அவரிடமே இருக்கிறது. பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776இல் விளக்கிய இந்த அளவுகோலை மட்டும் கையில் வைத்திருந்தால், தங்கையிடம் அக்கா வாங்குவதற்கு எதுவுமே இல்லை என்றுதான் தோன்றும். 1817இல் டேவிட் ரிகார்டோ காட்டிய வழி வேறு.

அவ்வழியில், ஆளோடு ஆளை ஒப்பிடுவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு கிலோ கொழுந்துக்காக எத்தனை கிலோ கேரட்டைக் கைவிடுகிறார் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். இதுவே வாய்ப்புச் செலவு. அக்காவுக்கு 80ஐ 40ஆல் வகுக்க 2 கிலோ. தங்கைக்கு 60ஐ 20ஆல் வகுக்க 3 கிலோ. குறைவாக இழப்பவர் அக்கா என்பதால் கொழுந்தில் ஒப்பீட்டு நன்மை அவருக்கு, கேரட்டில் தங்கைக்கு.

விடையைச் சோதிக்காமல் விடாதீர்கள். இருவரும் அரை நாள் அதையும் அரை நாள் இதையும் செய்தால் கிடைப்பது 30 கிலோ கொழுந்து, 70 கிலோ கேரட். தங்கை நாள் முழுதும் கேரட்டில் நின்று 60 கிலோ தர, அக்கா நாளில் எட்டில் ஒரு பங்கைக் கேரட்டுக்கு ஒதுக்கி மீதி 10 கிலோவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலைக்குப் போனால், அதே 70 கிலோ கேரட்டுடன் 35 கிலோ கொழுந்து சேர்கிறது. யாரும் கூடுதலாக உழைக்காமலே 5 கிலோ மிச்சம்.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அட்டவணையைப் படிப்பதில்தான். நம் எண்கள் விளைச்சலைக் குறிப்பதால் பெரியது நல்லது. ரிகார்டோவின் அட்டவணையோ ஓராண்டுக்குத் தேவைப்படும் ஆட்களைக் குறிப்பதால் அங்கே சிறியதே நல்லது. துணிக்கு இங்கிலாந்தில் 100 பேர், போர்ச்சுகலில் 90 பேர். திராட்சை மதுவுக்கு முறையே 120, 80. ஓர் அலகு மதுவுக்கு இங்கிலாந்து 1.2 அலகு துணியை இழக்க, போர்ச்சுகல் இழப்பது ஏறத்தாழ 0.89 அலகுதான். ஆகவே இரண்டிலும் கைதேர்ந்த போர்ச்சுகல் மதுவை ஏற்றுமதி செய்து துணியை வாங்குகிறது.

அடுத்தது வாணிப வீதம், அதாவது ஒரு பொருளுக்கு மற்றதை எவ்வளவு மாற்றிக்கொள்வது என்பது. ஒரு கிலோ கொழுந்துக்கு 2 கிலோ கேரட்டுக்குக் கீழே போனால் அக்கா விற்கமாட்டார். 3 கிலோவைத் தாண்டினால் தங்கை வாங்கமாட்டார். இடையில் எங்கே நிற்கும் என்பதை இந்த வகுத்தல் சொல்லாது. அது இருபுறத் தேவையையும் பொறுத்தது.

இக்கணக்கு இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கிறது என்பதையும் விடையில் எழுதுங்கள். உழைப்பு ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்கு உடனே மாறிவிடும் என்பது ஒன்று. தேயிலைச் செடியோ நட்டுச் சில ஆண்டுகள் கழித்தே முழுப் பறிப்புக்கு வரும்; 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறி, நீலகிரித் தேயிலை தன் பெரிய வாடிக்கையாளரை இழந்தபோது, விவசாயிகளால் மறுவாரமே தோட்டத்தைக் கேரட் வயலாக்க முடியவில்லை. போக்குவரத்துச் செலவு இல்லை என்பது மற்றொன்று. அக்கா, தங்கை வீதங்களுக்கு நடுவே இருப்பது கிலோவுக்கு 1 கிலோ கேரட் இடைவெளிதான். மேட்டுப்பாளையம் போகும் லாரி வாடகை அந்த அளவைத் தின்றுவிட்டால், வாய்ப்புச் செலவு எப்படி இருந்தாலும் இருவரும் தத்தம் தோட்டத்தில் இரண்டையும் விளைவிப்பார்கள்.