றைடிங் காற்சட்டைக்குள் என்ன போடுவது? நாங்கள் வழக்கமாக விடும் பிழைகள்

பரந்தன் சந்தியில் திரும்பி முல்லைத்தீவு றோட்டில் ஏறினால் முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று வெயிலும் கூடவே வரும். கிளிநொச்சியில் இருந்து வேலைக்குப் போக ஏறக்குறைய 55 கிலோமீற்றர், வர அதேயளவு. மூன்று வருடமாக இந்தத் தூரத்தை, விழுந்தால் முழங்காலையும் இடுப்பையும் காக்கும் றைடிங் காற்சட்டை போட்டுத்தான் பைக்கில் ஓடுகிறேன். என்னைப் பார்த்து நாலு பேர் வாங்கினார்கள். அதில் மூன்று பேருடையது இப்போது அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.

"வெக்கை தாங்கேலாது அக்கா, தொடையெல்லாம் உரஞ்சிப் புண்ணாப் போச்சு" என்றாள் ஒருத்தி.

"உள்ளுக்கு என்ன போட்டனி?"

"டெனிம்."

காற்சட்டையில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் சட்டம் ஹெல்மெட்டோடு நின்றுவிடுகிறது. முழங்காலையும் இடுப்பையும் காப்பாற்றுவது எங்கள் சொந்தப் பொறுப்பு. அப்படிக் காசு கொடுத்து வாங்கிய ஒன்றை உள்ளே போட்ட துணி சரியில்லை என்பதற்காகக் கைவிடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த டெனிம் கதை. றைடிங் காற்சட்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேலைக்குப் போடும் உடுப்புக்கு மேலேயே மாட்டி, இறங்கியதும் பக்கத்து சிப்பைத் திறந்து கழற்றிவிடும் தளர்வான வகை. மற்றது உடம்போடு ஒட்டி நிற்கும்படி வெட்டித் தைத்தது. இந்த இரண்டாவதற்குள் டெனிமையோ தடித்த களிசானையோ திணித்தால் முழங்கால் மடியாது, உள்ளே காற்று நுழையாது. முழங்காலில் இருக்கவேண்டிய காப்புத் தட்டும் மேலேயோ பக்கத்துக்கோ நகர்ந்துவிடும். விழும் நேரத்தில் தட்டு வேறு இடத்தில் இருந்தால் அது இருந்தும் பயனில்லை. கந்தோரில் போடவேண்டிய உடுப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே மாற்றுவதே சரி. ஐந்து நிமிட வேலை.

இதற்கு நேர்மாறான பிழை, வெக்கைக்குப் பயந்து உள்ளே ஒன்றும் போடாமல் விடுவது. அல்லது ஒரு கட்டைக் காற்சட்டையோடு நிறுத்திக்கொள்வது. பத்துக் கிலோமீற்றர் போனதும் வியர்த்த தோலில் உள்துணி பசை போட்டதுபோல ஒட்டும். கட்டைக் காற்சட்டை மேலே சுருண்டு தொடை மடிப்பில் கயிறுபோல நிற்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் இன்னொரு விடயமும் உண்டு. எங்கள் தோலின் வெப்பம் ஏறக்குறைய 33 தொடக்கம் 35 பாகை. காற்று அதைவிடச் சூடாக இருந்தால் வெறும் தோலில் படும் காற்று தானாகக் குளிர்விக்காது, சூட்டைத்தான் ஏற்றும். கணுக்கால் வரை நீளும் மெல்லிய உள்ளாடை ஒன்று இருந்தால் வியர்வையை ஓரிடத்தில் தேங்கவிடாமல் பரப்பும், அது ஆவியாகும்போது உடம்பு ஆறும். ஒரு துணி கூடப் போட்டால் வெக்கை கூடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருமுறை போட்டு ஓடிய பிறகுதான் நம்பினேன்.

சரி, என்ன துணி? "பருத்திதான் உடம்புக்கு நல்லது" என்று அம்மா சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். வீட்டில், நிழலில், மாற்றி உடுக்க வசதி இருக்கும்போது அது முழு உண்மை. ஆனால் ஒன்றேகால் மணித்தியாலம் அசையாமல் சீற்றில் இருக்கும்போது அதே குணம் எதிராக வேலை செய்கிறது. பருத்தி நூல் தண்ணீரைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். 65 வீத ஈரப்பதன் உள்ள காற்றில் சும்மா கிடந்தாலே தன் எடையில் 7, 8 வீதம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பொலியெஸ்டர் பிடிப்பது வெறும் 0.4 வீதம். வியர்வையில் நனைந்த பருத்தி ஊதிப் பாரமாகி, காயவும் மாட்டாமல் தோலை உரஞ்சத் தொடங்கும். தொடைப் புண்ணுக்குக் காரணம் வெக்கையைவிட இந்த ஈர உரஞ்சல்தான். ஓட்டக்காரரும் கிரிக்கெட் ஆடும் பெடியளும் போடும், பொலியெஸ்டரோடு இழுபடும் ஸ்பான்டெக்ஸ் நூல் கலந்த மெல்லிய நீளக் காற்சட்டைதான் எங்களுக்கும் தோதானது. விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். உள்ளே போடும் ஜட்டியும் அதே மாதிரித் துணியில் இருக்கட்டும். மேலே எவ்வளவு நல்லது போட்டாலும் அடியில் நனைந்த பருத்தி இருந்தால் பலன் பாதிதான்.

ஒரு எச்சரிக்கை. நைலோன் 220 பாகை அளவிலும் பொலியெஸ்டர் 250 பாகையைத் தாண்டியதும் உருகும். தார் றோட்டில் இழுபடும்போது உராய்வால் சூடு பிறக்கும். உருகிய துணி காயத்தோடு ஒட்டினால் வைத்தியருக்கும் கஷ்டம், உங்களுக்கும் வேதனை. ஆகவே மேலே தாங்கக்கூடிய உண்மையான றைடிங் காற்சட்டை இருக்கும்போதுதான் இந்த மெல்லிய துணி. "இறுக்கமாத்தானே இருக்கு" என்று அதை மட்டும் போட்டுக்கொண்டு பைக் ஓடாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து வரும் காற்சட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. சுவிசில், கனடாவில் இருக்கும் அண்ணாமார் தாங்கள் போட்டதை அன்போடு அனுப்புவார்கள். அதற்குள் பெரும்பாலும் குளிருக்கான பஞ்சு உறை ஒன்றும் மழைக்கான உறை ஒன்றும் சிப்பாலோ பொத்தானாலோ பூட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் அப்படியே போட்டு, மாங்குளத்தில் மயக்கம் வந்து இறங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பஞ்சு உறையை வன்னியில் ஒரு நாளும் போடத் தேவையில்லை. மழை உறையை வெயில் காலத்தில் கழற்றி வையுங்கள். அது காற்றை மறித்துவிடும்.

தையல் விடயத்தில் எனக்குப் பாடம் சொன்னது பக்கத்து வீட்டுத் தங்கச்சி. கிளிநொச்சியில் காமன்ற்ஸில் வேலை செய்கிறவள். என் உள்ளாடையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஓவர்லொக் அக்கா, மடிப்பு நிமிர்ந்து நிக்கும். பிளாட்லொக் அடிச்சதாப் பாத்து வாங்குங்கோ, தையல் துணியோட படுத்துக் கிடக்கும்" என்றாள். அன்றிலிருந்து கடையில் முதலில் உள்பக்கத்தைத்தான் புரட்டிப் பார்க்கிறேன். நாங்கள் உட்காரும்போது பாரம் இறங்குவது பிட்டத்தின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பில். அந்த இடத்திலும் கவட்டிலும் நிமிர்ந்த தையல் இருந்தால் புதுக்குடியிருப்புக்கு முன்னமே தெரியவரும். நாலு தையலும் கவட்டில் ஒரு புள்ளியில் சந்திக்காமல், அங்கே தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது. சைக்கிள் போட்டிக்காரரின் மெத்தை வைத்த காற்சட்டையைச் சிலர் வாங்குகிறார்கள். அது முன்னால் குனிந்து ஓடுவதற்குச் செய்தது. நிமிர்ந்து இருந்து ஓடும் எங்களுக்கு மெத்தை இடம் மாறிச் சுருண்டுவிடும், வெக்கையும் கூடும்.

அளவை நின்றபடி பார்ப்பதும் பிழை. போட்டுக்கொண்டு பைக்கில் ஏறி, பாதம் மிதியில் வைத்து, பத்து நிமிடம் இருந்து பாருங்கள். முழங்காலின் பின்பக்கம் சுருங்கி வெட்டினாலோ கால் விறைத்தாலோ ஒரு அளவு பெரிதாக எடுங்கள். உள்ளே போடுவதில் பொக்கெற் வேண்டாம். திறப்பும் பேர்சும் தொடையில் அமத்தும், விழுந்தால் அந்தத் திறப்பே காயப்படுத்தும்.

பெண்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. இறுக்கமான துணிக்கு மேல் இன்னொன்று போட்டால் வழியில் மலசலகூடம் போவது கரைச்சல் என்று, விடியத் தண்ணீர் குடிக்காமலே வெளிக்கிடுகிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த வெக்கையில் தலைசுற்றும், சலக்கடுப்பு வரும். இடுப்பு இலாஸ்ரிக் இலகுவாக இறங்கும் உள்ளாடையை எடுத்தால் பாதிக் கரைச்சல் தீரும். மற்றது, மாதவிடாய் நாட்களில் நப்கினின் விளிம்பு தொடை மடிப்பில் வெட்டும். அந்த நாட்களில் கால் சற்று நீண்ட ஜட்டி போட்டு, கந்தோர் போய்ச் சேர்ந்த உடனேயே நப்கினை மாற்றுங்கள்.

தோய்க்காமல் இரண்டாம் நாளும் அதையே போடுவதுதான் படை வரும் வழி. கவட்டு ஈரத்தில் பங்கசு வளர்வதற்கு அதைவிட வசதி வேண்டாம். ஒரே மாதிரி மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். கொஞ்சச் சவர்க்காரம் போதும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் மென்மைத் திரவம் வேண்டவே வேண்டாம், அது நூலில் படிந்து வியர்வையை உறிஞ்சவிடாது. படை வந்துவிட்டால் பாமசியில் கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்பைப் பூசாதீர்கள். பலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். கடி இரண்டு நாளில் அடங்கும், படை சத்தமில்லாமல் பரவும். ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வெறும் உரஞ்சல்தான் என்றால் வெளிக்கிட முன் தொடையில் தேங்காய் எண்ணெயோ வசலினோ மெல்லப் பூசினால் போதும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து திரளும்.

தூரப் பயணத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். ஏ9 றோட்டில் போகிறவர்களுக்கு முறிகண்டிப் பிள்ளையார் இருக்கிறார், தேங்காய் உடைத்துக் கச்சான் கடலை வாங்கும் நேரத்தில் கால் நீளும், உள்ளே காற்றும் போகும்.

ஒக்டோபருக்குப் பிறகு மாரி தொடங்கினால் கணக்கே வேறு. மழைக்கோட்டின் இடுப்பால் இறங்கும் தண்ணீர் நேரே சீற்றில் தேங்கும், அதில் ஒரு மணித்தியாலம் ஊறினால் எந்தத் துணியும் உரஞ்சும். காய்ந்த உள்ளாடை ஒரு சோடியைச் சொப்பிங் பாக்கில் இறுக்கி முடிந்து பையின் அடியில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் நனைந்ததைப் பிழிந்து மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டால், இந்த மெல்லிய துணி பின்னேரம் திரும்புவதற்குள் காய்ந்துவிடும்.