பட்டை 100% காட்டுகிறது, பென்டிரைவில் கோப்பு இல்லை

1 ஜிபி வீடியோவை லினக்ஸ் கணினியிலிருந்து பென்டிரைவுக்கு நகலெடுக்கும்போது ஐந்தாறு நொடியிலேயே, எவ்வளவு முடிந்தது என்று காட்டும் முன்னேற்றப் பட்டை நிரம்பிவிடும். ஆனால் ஜன்னல் மூடாது. ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கும். முடிந்துவிட்டது என்று நம்பிப் பென்டிரைவைப் பிடுங்கினால் கோப்பு கெட்டுப்போகும். தப்பு பிடுங்கியவர் மேல் இல்லை, பட்டையை வடிவமைத்தவர் மேல்தான்.

எழுதச் சொன்ன தரவை லினக்ஸ் முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொள்கிறது. இயல்பான அமைப்பில், கிடைக்கும் நினைவகத்தில் 20% வரை இப்படித் தேங்கலாம். 8 ஜிபி காலியாக இருந்தால் 1 ஜிபி கோப்பு முழுசாக அதில் அடங்கிவிடும். ரேமுக்குப் போனதையெல்லாம் 'முடிந்தது' என்று நிரல் எண்ணினால் பட்டை பறக்கத்தான் செய்யும். பென்டிரைவ் நொடிக்கு 10 எம்பி எழுதினால் அதற்கு 100 நொடி வேண்டுமே! நகலெடுக்கும் நிரலை எழுதுபவர் நீங்களென்றால், 16 எம்பிக்கு ஒருமுறை எஃப்டேட்டாசிங்க் (தரவு சாதனத்தில் எழுதப்படும்வரை காத்திருக்கும் கட்டளை) அழைத்து, அது திரும்பிய பிறகே அந்த அளவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகம் சற்றுக் குறையலாம். பரவாயில்லை, காட்டுகிற எண் உண்மையாக இருக்கும். 'இப்போது கழற்றலாம்' என்ற அறிவிப்பு, அன்மவுன்ட், அதாவது பென்டிரைவைக் கணினியிலிருந்து முறைப்படி விடுவிப்பது, முடிந்த பிறகுதான் வர வேண்டும்.

கோப்புகளின் எண்ணிக்கையை வைத்துச் சதவீதம் போடுவதும் தவறுதான். 999 சின்னப் படங்களும் ஒரு 4 ஜிபி வீடியோவும் இருந்தால், வீடியோ கடைசியில் வரும்போது பட்டை 99.9 சதவீதத்தில் உறைந்துவிடும். பைட் அளவில் கணக்கிடுங்கள். மீதி நேரத்துக்குக் கடந்த பத்து நொடியின் சராசரி வேகத்தை எடுங்கள். அந்தந்த நொடியின் வேகத்தை எடுத்தால் '2 நிமிடம்', '40 நிமிடம்' என்று மாறி மாறித் துள்ளும்.

ஒரு நொடிக்குள் முடியும் வேலைக்குப் பட்டையே வேண்டாம், கண் சிமிட்டுவதுபோல் தோன்றி மறைவது எரிச்சல். 10 நொடியைத் தாண்டும் வேலைக்குச் சதவீதமும் ரத்து பொத்தானும் கட்டாயம். ரத்து செய்தால் பாதிக் கோப்பு அசல் பெயரில் கிடக்கக் கூடாது; தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் முடிந்ததும் பெயரை மாற்றுங்கள். சுழலும் வட்டம் தனி டைமரில் ஓடினால், பின்னால் வேலை செத்துப்போயிருந்தாலும் அது சுற்றிக்கொண்டேயிருக்கும். உண்மையான முன்னேற்றம் வரும்போது மட்டும் அதை நகர்த்துங்கள்.

அறிவிப்புகளில் அதிகம் காணும் தவறு, ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக ஒன்று அனுப்புவது. 'தொடங்கியது', 'பாதி முடிந்தது', 'முடிந்தது' என்று மூன்றும் மூலையில் குவியும். லினக்ஸ் டெஸ்க்டாப்களுக்குப் பொதுவான ஃப்ரீடெஸ்க்டாப் அறிவிப்பு விதிமுறையில் இதற்கென்றே பழைய அறிவிப்பின் எண்ணைக் கொடுத்து அதையே மாற்றும் வசதி உண்டு. அதில் அவசர நிலைகள் மூன்று: 0 குறைவு, 1 சாதாரணம், 2 மிக அவசரம். 2 தானாக மறையக் கூடாது என்பது விதி. 'நகல் முடிந்தது' என்பதற்கு 2 போட்டால், நாளை பேட்டரி தீரும் எச்சரிக்கையையும் ஆட்கள் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். பயனர் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால் அறிவிப்பே தேவையில்லை.

வாசகத்திலும் கவனம் வேண்டும். 'செயல் தோல்வியடைந்தது' என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. 'திருமணம்-214 நகலாகவில்லை. பென்டிரைவில் இன்னும் 40 எம்பி இடம் வேண்டும்' என்று எழுதுங்கள். கோப்புப் பெயரில் & குறி இருந்தால் அதை &amp; என்று மாற்றி அனுப்புங்கள்; அறிவிப்பின் உடற்பகுதி மார்க்கப் குறிகளை (தடித்த எழுத்து போன்ற வடிவமைப்புக் குறிகளை) ஏற்பதால், அப்படியே அனுப்பினால் சில டெஸ்க்டாப்களில் வாசகம் வெறுமையாகவே வரும்.