ஏரியில் ஓராண்டு: முதல் வருடப் பறவைப் பதிவுகளைத் தொகுக்கும் முறை

ஊர் ஏரியில் ஒரு வருடம் பறவை பார்த்த குழு, வருடம் முடிந்ததும் முதலில் கேட்பது "மொத்தம் எத்தனை வகை?" என்றுதான். அந்த ஒற்றை எண்ணை வைத்து ஏரிக்காக எதையும் வாதாட முடியாது. எத்தனை முறை போனோம், அதில் எத்தனை முறை இந்தப் பறவை இருந்தது என்ற விகிதம்தான் பேசும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் பலரும் பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இபேர்டில் (eBird) பட்டியல் இடுகிறார்கள். ஆகவே தரவு கையில் இருக்கும். அதைச் சலிப்பதில்தான் வேலை.

முதலில் வருடத்தை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யுங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை எடுத்தால் வலசைக் காலம் நடுவில் அறுபடும்: முந்தைய பருவத்தின் வாலும் அடுத்த பருவத்தின் தலையும் ஒரே அட்டவணையில் ஒட்டிக்கொள்ளும். ஜூலை முதல் ஜூன் வரை வைத்தால், ஆகஸ்ட் கடைசியில் வரும் உள்ளான்களும் ஏப்ரலில் கிளம்பும் தகைவிலான்களும் ஒரே பருவத்துக்குள் அடங்கும்.

குழுவில் ஒவ்வொருவரும் தம் இபேர்ட் கணக்கிலிருந்து சொந்தத் தரவைப் பதிவிறக்கி ஒரே விரிதாளில் சேர்க்கட்டும். பிறகு சலிக்கும் வரிசை இது.

1. பார்த்ததையெல்லாம் குறித்த முழுப் பட்டியல்களை மட்டும் தனித்தாளுக்கு எடுங்கள். போகிற போக்கில் கண்ட ஒற்றைப் பறவைப் பதிவுகள் வகைகளின் பட்டியலுக்கு உதவும். விகிதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அபூர்வமானது தெரிந்தால் மட்டும் பதிகிறவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அவற்றைச் சேர்த்தால் ஏரியில் காக்கையை விடப் பூநாரை அதிகம் என்று கணக்கு வரும்.

2. 15 நிமிடத்துக்குக் குறைந்தவற்றையும், ஏரியை விட்டு ஊருக்குள் நீண்ட நடைகளையும் நீக்குங்கள். 3 கிலோமீட்டர் என்று எல்லை வைத்தால் பெரும்பாலான ஏரிகளுக்குப் போதும்.

3. இடப்பெயர்களை ஒன்றாக்குங்கள். ஒரே ஏரிக்கு "கிழக்குக் கரை", "மதகு", "கோயில் பக்கம்" என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள்.

4. நால்வர் சேர்ந்து போய்ப் பகிர்ந்துகொண்ட பட்டியல், சேர்த்த தாளில் நான்காக வரும். தேதி, தொடங்கிய நேரம், இடம் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள். பெரும்பாலான முதல் அறிக்கைகள் கவிழ்வது இங்கேதான்.

இனி அட்டவணை. இடப்பக்கம் பறவைகள், மேலே மாதங்கள். நவம்பரில் 12 முழுப் பட்டியல்கள் இருந்து, 9-இல் நீலச்சிறகி இருந்தால் 75 சதவீதம். ஒவ்வொரு மாதத்துக்கும் அடியில் பட்டியல் எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள். 5 பட்டியலுக்குக் குறைவான மாதத்தில் சதவீதம் போடாமல் கோடு இடுங்கள். கோட்டுக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாட்டில் முழு அறிக்கையும் நிற்கிறது: சுழியம் என்றால் தேடினோம், இல்லை, கோடு என்றால் நாம் போதிய அளவு போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் யாரும் போகாத மாதங்களுக்குச் சுழியம் போட்டுவிட்டு "வாத்துகள் வரவில்லை" என்று எழுதிவிடுவது எளிது.

எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். 200 நாமக்கோழிகள் பத்து வாரம் அங்கேயே இருந்தால் அது 2,000 அல்ல. மாதத்தின் அதிகபட்ச எண்ணை மட்டும் எடுங்கள். எண்ணாமல் X என்று மட்டும் இட்ட பதிவை 1 என்று மாற்றாதீர்கள். பறவை இருந்தது என்பதற்கு மட்டும் அதைக் கொள்ளுங்கள்.

அடையாளப் பிழைகளைத் தேட எல்லாப் பதிவுகளையும் பார்க்க வேண்டியதில்லை. சந்தேகம் கூடுகிற இடங்கள் சிலதான். ஒன்று கொக்குகள். வாய்ப்பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு. தூரத்திலிருந்து இது தெரியாது, எனவே "கொக்கு வகை" என்று விட்டிருப்பவர்களைப் பாராட்டுங்கள். இரண்டாவது, செப்டம்பர், அக்டோபரில் வந்திறங்கும் ஆண் வாத்துகள். அவை அப்போது பெட்டை போலவே மங்கிய இறகோடு இருக்கும். மூன்றாவது உள்ளான்கள்: பறக்கும்போது இறக்கையின் அடிப்புறம் கறுத்திருந்தால் பச்சை உள்ளான், வெளிறியிருந்தால் பொரி உள்ளான். ஆண்டு முழுவதும் வாலாட்டி இருந்தது என்று வந்தால் அது பெரும்பாலும் இங்கேயே வாழும் வெண்புருவ வாலாட்டி. ஜூனில் மஞ்சள் வாலாட்டி என்று யாராவது எழுதியிருந்தால் படம் கேளுங்கள்.

நீர்மட்டம் இல்லாமல் இந்த அட்டவணை பாதி ஊமை. ஏரி நிரம்பி நிற்கும் டிசம்பரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் இருக்கும், உள்ளான்கள் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் சேறு வெளிப்பட்டதும் நிலைமை தலைகீழாகும். இதை வலசை குறைந்தது, கூடியது என்று படித்துவிடுவார்கள். மதகுப் படியில் எத்தனை படி நீருக்கு மேலே தெரிகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்திருந்தால் போதும். குறிக்காமல் விட்டிருந்தால் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். சுமார் 5 நாளுக்கு ஒன்று கிடைக்கும். மழை மாதங்களில் மேகம் மறைக்கும், அதனால் மாதத்துக்கு ஒரு தெளிவான படம் கிடைத்தாலே நீர்ப்பரப்பை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "குறைந்துவிட்டது", "பெருகியது" என்ற சொற்களை முதல் வருடத்தில் எழுதவே கூடாது. ஒப்பிட இன்னொரு வருடம் இல்லை. ஆந்தைப் பொந்து, கழுகுக் கூடு போன்றவற்றின் இடத்தை வெளியிடாதீர்கள். கூடு இருக்கும் மரத்தின் படத்தையும் தவிர்த்துவிடுங்கள். பின்னணியில் தெரியும் கோபுரமே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

யாருக்குக் கொடுப்பது என்பதையும் பாருங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். வனத்துறைக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், தூர்வாரும் வேலை வேறு அலுவலகத்தில் முடிவாகிவிடும். கோடையில் பொக்லைன் இறங்குவதற்கு முன்பே, எந்தக் கரையில் எந்த மாதம் கூடு கட்டுகின்றன என்ற ஒரு பக்கத்தை மட்டும் தனியாகக் கொடுங்கள். முழு அறிக்கையை அவர்கள் படிக்கமாட்டார்கள்.

இரண்டாம் வருடத்துக்கு மாதத்தில் இரண்டு நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள்: ஒரு காலை, ஒரு மாலை. காலையில் மட்டும் போகிற குழுவின் பட்டியலில், அந்தியில் கிளம்பும் வக்கா எப்போதும் குறைவாகவே இருக்கும். காலை நடையைக் கிழக்குக் கரையிலிருந்து செய்தால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். ஜனவரியில் வரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வாரத்தில் ஒரு நடை கட்டாயம் இருக்கட்டும். சலிக்காத மூலக் கோப்பை அழிக்காமல் இருவரிடம் வைத்திருங்கள். அடுத்த வருடம் எல்லையை மாற்றிச் சலிக்க அதுதான் வேண்டும்.