மாரிக்கு முதலே நத்தையைப் பிடியுங்கள்

ஐப்பசி மழை பெய்து இரண்டு நாளில் கத்தரிக் கன்று மொட்டையாக நிற்கும். இலையிலும் மண்ணிலும் காய்ந்து மினுங்கும் கோடு இருந்தால் அது நத்தையின் வேலை. யாழ்ப்பாணத் தோட்டங்களை அழிப்பது கிழக்காபிரிக்காவிலிருந்து பரவிய பெரிய நத்தை. அதன் ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

வேலையை ஆவணி, புரட்டாதியிலேயே தொடங்குங்கள். வெயில் காலத்தில் நத்தை ஓட்டின் வாயைக் கடதாசி போன்ற சவ்வால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். மதிலோரக் கல்லடுக்கு, தென்னம்மட்டைக் குவியல், உக்கிய பனையோலை, வாழையடி எல்லாவற்றையும் புரட்டிப் பொறுக்குங்கள். அப்போது விட்டுவைக்கும் ஒவ்வொன்றும் மழையோடு முட்டையிடும். ஒரே நத்தையில் ஆண் பெண் இரண்டு உறுப்பும் இருப்பதால் எல்லாமே முட்டையிடக் கூடியவை. ஒரு தடவைக்கு 100க்கு மேல் இடும். ஈர மண்ணில் ஓரிரு அங்குல ஆழத்தில், ஊறிய சவ்வரிசி போல வெளிர்மஞ்சளாகக் குவிந்திருக்கும். கண்டால் வழித்தெடுத்து உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

மழை தொடங்கினால் பொழுதுபட நனைத்த சாக்கை 10 அடிக்கு ஒன்றாகப் பாத்தியோரம் விரித்து, அடியில் பப்பாசி இலையும் கோவா இலையும் வையுங்கள். விடிய 6 மணிக்கு முன் தூக்கிப் பாருங்கள். வெயில் ஏறினால் கலைந்துவிடும். இரவு 8 மணிக்குப் பிறகு ரோச் லைற்றோடு ஒரு சுற்றுப் போனால் இன்னும் நல்லது. முதல் 2 கிழமையும் நாள் தவறக்கூடாது.

வெறுங்கையால் தொடவேண்டாம். எலியிலிருந்து நத்தைக்குத் தொற்றும் ஒருவகைப் புழு மனித உடலில் புகுந்தால் மூளையைச் சுற்றிய சவ்வில் அழற்சி வரும். கையில் சொப்பிங் பையைச் சுற்றிக்கொண்டு பிடியுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரையை இலை இலையாக ஓடும் தண்ணீரில் அலசுங்கள். குஞ்சு நத்தை அரிசியளவில் இலையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும்.

கொல்வதற்கு மூடியுள்ள வாளியில் 5 லீற்றர் தண்ணீருக்கு 1 கிலோ உப்பைக் கரைத்து, பிடித்ததை அதில் போட்டு மூடுங்கள். மூடிமேல் கல் வைக்காவிட்டால் ஏறி வெளியே வந்துவிடும். மறுநாள் ஓட்டை உடைத்து ஒன்றரை அடி ஆழத்தில் தாட்டுவிடுங்கள். வெறும் ஓட்டை எறிந்தால் அதில் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். உப்புத் தண்ணீரைக் கிணற்றடியிலோ பாத்தியிலோ ஊற்றவே கூடாது: சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே அது நேரே கிணற்றுக்குப் போகும். உப்பைப் பயிரைச் சுற்றித் தூவுவதும் இதே தவறுதான்.

சாம்பலை நான்கு விரல் அகலத்துக்குப் போட்டால் நத்தை தாண்டத் தயங்கும், ஆனால் ஒரு தூறலோடு பயன் போய்விடும். நாற்றுத்தட்டு, பூச்சாடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நத்தைக்கென்று விற்கும் மெற்றல்டிஹைட் என்ற நச்சுக் குருணை நாயும் கோழியும் திரியும் வளவுக்கு ஆகாது. தின்ற நாய்க்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம். கடைசியாக, தண்ணீரைக் காலையில் விடுங்கள். பின்னேரம் விட்டால் இரவு முழுக்கப் பாத்தி ஈரமாக இருந்து நத்தையைக் கூப்பிடும்.