பைத்தான் லைப்ரரி: ஃபோல்டர் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைப்ரரி என்பது இன்னொருவர் கணினியில் போய் இன்ஸ்டால் ஆக வேண்டியது. நம் கணினியில் ஓடுவதும் அவர் கைக்குப் போய்ச் சேர்வதும் ஒன்றுதானா என்று பார்க்காமல் விடுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பேக்கேஜை (நிரல் கோப்புகள் உள்ள ஃபோல்டரை) மேல்மட்ட ஃபோல்டரிலேயே வைத்து, அங்கிருந்தே ‘பைத்தான் -எம் பைடெஸ்ட்’ என்று டெஸ்ட்களை ஓட்டினால், பைத்தான் முதலில் தேடுவது நீங்கள் நிற்கும் ஃபோல்டரில். இன்ஸ்டால் ஆன பிரதி சோதனைக்கே வராது. ‘நாட்காட்டி’ என்றொரு லைப்ரரி, அதற்குள் ‘விதிகள்’ என்ற துணை ஃபோல்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில், ஒரு ஃபோல்டரைப் பேக்கேஜ் என்று அடையாளம் காட்டும் இனிட் கோப்பு (__init__.py) விடுபட்டுவிட்டது. பைத்தான் 3.3 முதல் அது இல்லாமலும் இம்போர்ட் நடக்கும் என்பதால் டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் லைப்ரரியை வெளியீட்டுக்குத் தயாரிக்கும் செட்டப்டூல்ஸ் கருவியில் ‘ஃபைண்ட் பேக்கேஜஸ்’ பயன்படுத்தினால், அந்த ஃபோல்டரை அது சேர்க்காது. இன்ஸ்டால் செய்வதற்காக வெளியாகும் வீல் கோப்பில் ‘விதிகள்’ இருக்காது. இன்ஸ்டால் செய்தவருக்கு முதல் இம்போர்ட்டிலேயே பிழை விழும்.

நிரலை ‘எஸ்ஆர்சி’ (src) ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால், இன்ஸ்டால் செய்யாமல் இம்போர்ட் ஆகாது. நல்ல பழக்கம்தான், ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. எடிட்டபிள் இன்ஸ்டால் (நிரலைத் திருத்தத் திருத்த உடனே தெரியும்படி இன்ஸ்டால் செய்வது) பெரும்பாலும் மூல ஃபோல்டரையே காட்டுவதால், விடுபட்ட கோப்பு அப்போதும் கண்ணில் படாது. வீலை உருவாக்கி, புது விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (மற்றவற்றோடு கலக்காத தனிப் பைத்தான் சூழலில்) போட்டு, அதன் மேல் டெஸ்ட் ஓட்ட வேண்டும். வீல் வெறும் ஸிப் கோப்புதான். வெளியிடுமுன் திறந்து பாருங்கள், ஜேசன் தரவுக் கோப்புகள் உட்பட எல்லாம் வந்திருக்கிறதா என்று.

டெஸ்ட் ஃபோல்டரும் உள்ளே வந்துவிட்டதா என்று அப்போதே பார்த்துவிடலாம். மேல்மட்டத்தில் ‘டெஸ்ட்ஸ்’ என்ற பெயரோடு அது பயனரின் சைட்-பேக்கேஜஸில் (இன்ஸ்டால் ஆன லைப்ரரிகள் எல்லாம் சேரும் ஃபோல்டரில்) உட்கார்ந்தால், அதே தவறைச் செய்த இன்னொரு லைப்ரரியோடு மோதும்.

அப்புறம் ‘யூடில்ஸ்’ என்ற பொது மாட்யூல் (நிரல் கோப்பு). எங்கே வைப்பதென்று தெரியாததெல்லாம் அங்கே போய்ச் சேரும். தேதி சம்பந்தப்பட்டதைத் தேதி மாட்யூலிலேயே வையுங்கள்.

என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறு, ஃபோல்டர் அமைப்பை உள்வீட்டு விஷயம் என்று நினைப்பது. ஒருவர் ‘நாட்காட்டி.விதிகள்.திதி’ என்று இம்போர்ட் செய்துவிட்டால், அந்தப் பாதையை நினைத்தபடி மாற்ற முடியாது. உள் மாட்யூல்களின் பெயரை அடிக்கோட்டில் தொடங்குங்கள்; வெளியே தர வேண்டியதை மேல்மட்ட இனிட் கோப்பு வழியாக மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே வெளியாகிவிட்டதா? சரி, பழைய இடத்தில் ஒரு சிறு கோப்பை விட்டுவையுங்கள்: அது புது இடத்திலிருந்து இம்போர்ட் செய்து கொடுக்கட்டும், கூடவே இந்தப் பழைய பாதையை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்ற டெப்ரிகேஷன் எச்சரிக்கையும் காட்டட்டும்.